கட்டோ ஹிஃபுமி: 62 வருஷம் 10 மாசம் ஷோகி ஆடின மனுஷன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷோகி பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் கடைசியில இவர்கிட்டதான் போய் நிக்குது பேச்சு. கேக்குற கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கு, அதனால தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்கிறதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, எது வேணுமோ அதப் படிச்சுட்டுப் போங்க.

யாருங்க இவரு? சுருக்கமா சொல்லுங்க.

ஜப்பான்ல ஷோகி ஆடுறதையே தொழிலா வச்சிருந்தவரு. 1940 ஜனவரி 1-ஆம் தேதி ஃபுகுவோகா மாகாணத்துல பொறந்தாரு. 14 வயசுல ப்ரோ ஆனாரு, 77 வயசுல ரிட்டயர் ஆனாரு. நடுவுல 2505 அஃபீஷியல் ஆட்டம். இதுல ஜெயிச்சது 1324, தோத்தது 1180, ஒண்ணு டிரா. அந்த தோத்த கணக்கு ஷோகி சரித்திரத்துலயே அதிகம். அதக் கேட்டு சிரிக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க, அதுக்குன்னே கீழ ஒரு கேள்வி இருக்கு.

ஷோகின்னா நம்ம செஸ் மாதிரியா?

சதுரங்கத்தோட தூரத்து சொந்தம்னு வச்சுக்கலாம். போர்டு 9-க்கு 9. ஆளுக்கு 20 காய். ராஜா உண்டு, ரூக் ஒண்ணு, பிஷப் ஒண்ணு, குதிரை ரெண்டு (ஆனா முன்னாடி மட்டும்தான் தாவும்), அப்புறம் தங்கம், வெள்ளி, ஈட்டி, சிப்பாய். பெரிய வித்தியாசம் என்னன்னா வெட்டுன காய் செத்துப்போறதில்ல, நம்ம கைக்கு வந்துடும், நம்ம முறை வரும்போது அத ஏதாவது ஒரு காலி கட்டத்துல நம்ம ஆளா இறக்கலாம். அதனால ஆட்டம் போகப்போக போர்டு காலியாகாது, சண்டை இன்னும் ஜாஸ்திதான் ஆகும், டிரா ஆகுறதும் ரொம்ப அபூர்வம். 2505 ஆட்டத்துல ஒரே ஒரு டிரான்னா பாத்துக்கோங்க.

பேருல ஏதோ ஜோக் இருக்காமே?

ஹிஃபுமிங்கிறத ஜப்பான் எழுத்துல எழுதினா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு கோடு எழுத்துதான். அவரோட தரம் 9 டான், அதாவது இருக்குறதுலயே உச்சம். பேரையும் தரத்தையும் ஒட்டி எழுதும்போது "கட்டோ ஒண்ணு ரெண்டு மூணு ஒன்பது டான்"னு வரும், தெரியாதவங்க அத "கட்டோ, 1239-ஆவது டான்"னு படிச்சுடுவாங்க. ஜப்பான்ல இது ரொம்ப பழைய கடி. ஆனா இவ்ளோ ஆட்டம் ஆடினவருக்கு 1239 டான் குடுத்தாலும் தப்பில்லன்னு எனக்குத் தோணும்.

கடைசி காலத்துல சின்னப் பசங்க வச்ச செல்லப்பேரு "ஹிஃபுமின்".

14 வயசுல ப்ரோ ஆகுறது அவ்ளோ பெரிய விஷயமா?

ஆமாங்க. ஷோகியில 4 டான் வாங்கினாத்தான் ப்ரோ. அதுக்குக் கீழ ஷோரெய்காய்னு ஒரு பயிற்சி அமைப்பு இருக்கு, நாடு பூரா இருந்து அந்தந்த ஊர் சூரப்புலிங்க எல்லாம் அங்க போய் மோதுவாங்க, அதுல முக்காவாசிப் பேரு ப்ரோ ஆகாமலே வயசு தாண்டி வெளிய வந்துடுவாங்க. இவரு 1954 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 14 வயசு 7 மாசத்துல 4 டான் ஆனாரு. மிடில் ஸ்கூல் படிக்கும்போதே ப்ரோ ஆன முதல் ஆளு.

அதுக்கப்புறம் அந்த மாதிரி வந்தவங்க நாலே பேரு: 1976-ல தனிகாவா கோஜி, 1985-ல ஹாபு யோஷிஹாரு, 2000-ல வதனபே அகிரா, 2016-ல ஃபுஜீ சோட்டா. இந்த அஞ்சு பேருமே பின்னாடி மெய்ஜின் ஆனாங்க. மெய்ஜின்னா ஷோகியோட ரொம்பப் பழமையான பட்டம், அத ஜெயிச்சா மத்ததெல்லாம் அப்புறம்தான்னு அங்க நினைப்பாங்க. ஃபுஜீ 14 வயசு 2 மாசத்துல வந்து கட்டோவோட ரெக்கார்ட 62 வருஷம் கழிச்சு உடைச்சாரு.

"ஜிம்மு காலத்துக்கப்புறம் வந்த மேதை"ன்னு சொல்றாங்களே, அது என்ன?

ஜிம்முங்கிறவரு ஜப்பான் புராணத்துல வர்ற முதல் சக்கரவர்த்தி. அவரு காலத்துல இருந்து இப்படி ஒருத்தன் பொறந்ததில்லன்னு அர்த்தம். நம்ம ஊர்ல ஆதி காலத்துலருந்து பாத்ததில்லன்னு சொல்ற மாதிரி. 50-கள்ல ஜப்பான் பொருளாதாரம் நல்லா ஏறினப்போ அதுக்கும் இதே அடைமொழிதான் குடுத்திருந்தாங்க, ஊரெல்லாம் அந்த வார்த்தை ஓடிட்டு இருந்த நேரம், அது அப்படியே இந்தப் பையன் மேலயும் ஒட்டிக்கிச்சு.

சும்மா ஒட்டல. ஷோகியில லீக் மாதிரி ஒரு ஏணி இருக்கு, ஜுனிசென்னு பேரு. கீழ இருந்து சி2, சி1, பி2, பி1, ஏன்னு அஞ்சு படி. வருஷத்துக்கு ஒரு படிதான் ஏற முடியும், அதுவும் அந்த கிளாஸ்ல முதல் ரெண்டு மூணு இடத்துல வந்தாத்தான். பல ப்ரோக்கள் வாழ்நாள் பூரா சி-யிலயே இருந்துட்டுப் போயிடுவாங்க. இவரு ஒரு வருஷம் கூட தங்காம நாலே வருஷத்துல நாலு படி ஏறி 1958-ல ஏ கிளாஸ், வயசு 18. இந்த ரெக்கார்ட ஃபுஜீ கூட உடைக்கல.

அப்போ உடனே மெய்ஜின் ஆயிட்டாரா?

இல்ல, இங்கதான் கதையே ஆரம்பிக்குது. 1960-ல, 20 வயசுல மெய்ஜினுக்கு சேலஞ்சரா வந்தாரு. மெய்ஜின் சேலஞ்சர்ல இன்னிக்கு வரைக்கும் அதுதான் கம்மி வயசு. எதிர்ல ஓயாமா யசுஹாரு. அப்போ இருந்த பெரிய பட்டம் எல்லாமே அவரு கையிலதான் இருந்துச்சு. ரிசல்ட் 1-4.

சரி, பையன் சின்னவன், ரெண்டு மூணு வருஷத்துல வாங்கிடுவான்னு எல்லாரும் நினைச்சாங்க. முதல் பெரிய பட்டம் வர்றதுக்கே 1968 ஆச்சு. அது ஜூடான் பட்டம், அதே ஓயாமாகிட்ட இருந்து 4-3-ல வாங்கினது. மெய்ஜின் மட்டும் வரவே இல்ல.

நகஹாராகிட்ட மட்டும் ஏன் அப்படி அடி வாங்கினாரு?

நகஹாரா மகொத்தோ இவர விட ஏழு வயசு சின்னவரு. ஓயாமாவ ஓரங்கட்டி அடுத்த ராஜாவா வந்தவரு. கட்டோவுக்கு மேல ஒரு ஓயாமா, கீழ ஒரு நகஹாரா, நடுவுல மாட்டிக்கிட்ட தலைமுறை. நகஹாராவோட ஆடின முதல் 20 ஆட்டத்துல கட்டோ ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. 1-19. 1973-ல மெய்ஜினுக்கு ரெண்டாவது தடவ சேலஞ்ச் பண்ணப்போ அதே நகஹாராகிட்ட 0-4.

ஒருத்தர்கிட்ட 1-19 வாங்கினா நானா இருந்தா அந்த ஆளு பேர ஆட்ட லிஸ்ட்ல பாத்த உடனே காய்ச்சல்னு லீவு போட்டுடுவேன். இவரு அப்படி இல்ல, அந்த தோத்த ஆட்டத்தையெல்லாம் வச்சு மறுபடி மறுபடி ஆராய்ச்சி பண்ணி, 70-களோட கடைசியில நகஹாராகிட்ட இருந்தே பட்டம் பறிக்க ஆரம்பிச்சாரு.

1982 மெய்ஜின் மேட்ச் பத்தி கொஞ்சம் விரிவா?

எத்தன தடவ வேணா சொல்றேன், எனக்கு அலுக்காது.

மெய்ஜின் மேட்ச் ஏழு ஆட்டம், முதல்ல நாலு ஜெயிச்சவருக்கு பட்டம். ஒவ்வொரு ஆட்டமும் ரெண்டு நாள் நடக்கும், ஆளுக்கு யோசிக்க 9 மணி நேரம். நகஹாரா தொடர்ந்து 9 வருஷமா மெய்ஜின். கட்டோவுக்கு 42 வயசு, முதல் தடவ தோத்து 22 வருஷம் ஆச்சு.

ஏழுல முடிய வேண்டிய மேட்ச் பத்து ஆட்டம் போச்சு. எப்படின்னா, ஒரு ஆட்டத்துல ரெண்டு ராஜாவும் எதிராளி எல்லைக்குள்ள பத்திரமா போய் உக்காந்துட்டாங்க, யாரையும் மடக்க முடியாது, காய் எண்ணிப் பாத்தா ரெண்டு பேருக்கும் போதுமான பாயிண்ட் இருக்கு, அதனால டிரா. நான் மேல சொன்ன அந்த ஒரே ஒரு டிரா இதுதான். இன்னும் ரெண்டு ஆட்டம் ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்து செல்லாம போச்சு, மறுபடி ஆட வேண்டியதாச்சு. செல்லுபடியான ஆட்டத்துல 3-3. ஏப்ரல்ல ஆரம்பிச்ச மேட்ச், கடைசி ஆட்டம் முடியும்போது ஜூலை 31.

அந்த கடைசி ஆட்டத்துல கட்டோ ராஜா சாகப்போற நிலைமை. எதிராளி ராஜாவ செக் மேல செக் வச்சு மடக்கினாத்தான் உண்டு, ஒரு மூவ் விட்டாலும் காலி. டைமும் கிட்டத்தட்ட தீந்துபோச்சு. அந்த நேரத்துல 3-1 கட்டத்துல ஒரு வெள்ளிய இறக்கினா மேட் ஆகுதுன்னு கண்ணுக்குப் பட்டிருக்கு. தன்னையறியாம வாய் விட்டு சத்தம் போட்டுட்டாராம். எதிர்ல இருக்குற ஆளுக்கு அதுலயே தெரிஞ்சுபோயிருக்கும், மூவ் ஆடவே வேணாம். ஷோகி ரூம்ல மூச்சு விடுற சத்தம் கூட கேக்கும், அங்க போய் 42 வயசு மனுஷன் கத்தியிருக்காரு, அப்போ அந்த 22 வருஷம் எவ்ளோ கனமா இருந்திருக்கணும்.

அப்புறம் எத்தன வருஷம் மெய்ஜினா இருந்தாரு?

ஒரு வருஷம். 1983-ல தனிகாவா கோஜி வந்தாரு, 21 வயசு, 4-2-ல பறிச்சுட்டுப் போயிட்டாரு. அப்போ அது சரித்திரத்துலயே கம்மி வயசு மெய்ஜின் ரெக்கார்டு, 2023-ல ஃபுஜீ உடைக்கிற வரைக்கும் 40 வருஷம் நின்னுச்சு. இதுல இன்னொண்ணு கவனிச்சீங்களா, முதல் மிடில் ஸ்கூல் ப்ரோகிட்ட இருந்து ரெண்டாவது மிடில் ஸ்கூல் ப்ரோ வாங்குறாரு.

மொத்தம் எத்தன பட்டம்?

பெரிய பட்டம் எட்டு. ஜூடான் மூணு (1968, 1980, 1981), கியோ ரெண்டு, ஓஷோ ஒண்ணு, மெய்ஜின் ஒண்ணு, கடைசியா 1984-ல ஓய் ஒண்ணு. இதுல சேராம டிவில நடக்குற என்எச்கே கோப்பை மட்டும் ஏழு தடவ.

ஹாபு 99 பட்டம், ஓயாமா 80, நகஹாரா 64. அந்த லிஸ்ட்ல வச்சுப் பாத்தா எட்டு சின்னதாத்தான் தெரியும். நான் பட்டத்த வச்சு இவர அளக்குற ஆளு இல்ல. 50, 60, 70, 80, 90, 2000, இந்த ஆறு பத்தாண்டுலயும் ஏ கிளாஸ்ல இருந்த ஒரே ஆளு இவருதான், மொத்தம் 36 சீசன். ஏ கிளாஸ்ல இருக்குறதே பத்து பேருதான்ங்க. 2002-ல, 62 வயசுலதான் அதுலருந்து கடைசியா இறங்கினாரு. எனக்கு அந்த எட்டு பட்டத்த விட இந்த 36 பெருசு.

போகின் போகின்னு சொல்றாங்களே, அது என்ன?

கட்டோவோட ஆஸ்தான ஆயுதம். ரூக் இருக்குற வரிசையில வெள்ளிய ஒரு கம்பு மாதிரி நேரா முன்னாடி ஏத்திக்கிட்டே போறது, ரூக்கோட பலத்துல எதிராளி வேலிய உடைக்கிறது. அவ்ளோதான். ஷோகி கத்துக்குற பசங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தர்ற தாக்குதல். தற்காப்பு எப்படின்னு எல்லாருக்கும் தெரியும்.

அத எடுத்துட்டு உச்ச கட்ட ப்ரோ ஆட்டத்துல அறுபது வருஷத்துக்கு மேல ஆடினாரு. எதிராளி முந்தின நாளே தயார் பண்ணிட்டு வருவாங்க, "நாளைக்கு கட்டோ சார், அப்போ போகின்தான்"னு. தெரிஞ்சே வருவாங்க, தெரிஞ்சே இவரும் அதையே ஆடுவாரு. புது ஓப்பனிங் ஃபேஷன் எத்தனையோ வந்துச்சு போச்சு, கம்ப்யூட்டர் கூட வந்துச்சு, இவரு வெள்ளிய ஏத்திக்கிட்டேதான் இருந்தாரு. பிடிவாதம்னு சொல்றவங்க உண்டு. ஒரு ராகத்த அறுபது வருஷம் பாடினா அதுல மத்தவங்களுக்குக் கேக்காதது ஏதோ அவருக்குக் கேக்கும்ல, எனக்கு அப்படித்தான் படும்.

எப்பவும் டைம் இல்லாம தவிப்பாராமே?

அது வியாதி மாதிரி. ஆரம்பத்துலயே ஒரு மூவுக்கு ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு உக்காந்து யோசிப்பாரு, ஆட்டம் சூடு புடிக்கிற நேரத்துல கையில டைமே இருக்காது. டைம் தீந்தா ப்யோயோமி, அதாவது ஒரு மூவுக்கு ஒரு நிமிஷம், பக்கத்துல உக்காந்திருக்குற ரெக்கார்ட் எழுதுற பையன் "50 செகண்ட், 1, 2, 3"ன்னு எண்ணுவான், பத்துக்குள்ள ஆடலன்னா தோல்வி. இவரு அந்த மூவுக்கு ஒரு நிமிஷக் கணக்குலயே ஐம்பது அறுபது மூவ் கூட தப்பில்லாம ஆடுவாரு. அதனால "ப்யோயோமியின் கடவுள்"னே பேரு. டிவி கோப்பைய ஏழு தடவ ஜெயிச்சது எப்படின்னு இப்போ புரியும், அது பூராவும் வேக ஆட்டம்தான், மத்தவங்களுக்கு அவசரம், இவருக்கு தினசரி வாழ்க்கை.

அப்புறம் அந்தப் பையன்கிட்ட "இன்னும் எத்தன நிமிஷம் இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. ஒரு நிமிஷ கணக்குல ஆடும்போதும் கேப்பாரு. இருக்குறதே ஒரு நிமிஷம்தான் சார், பையன் என்னத்த சொல்லுவான்.

விலாங்கு மீன் கதை உண்மையா?

உண்மை. ஊனாஜூன்னு ஒண்ணு, சூடான சோத்து மேல விலாங்கு மீன இனிப்பு சாஸ் தடவி சுட்டு வச்சு லாக்கர் டப்பால தருவாங்க. ஆட்டம் இருக்குற அன்னிக்கு மத்தியானமும் அதுதான், ராத்திரியும் அதுதான், பல வருஷமா. காரணம் கேட்டப்போ, என்ன சாப்பிடுறதுன்னு யோசிக்கிற நேரம் மிச்சம், அதையும் ஆட்டத்துக்கே குடுக்கலாமேன்னு சொன்னாரு. கேக்க ஞாயமாத்தான் இருக்கு, ஆனா விலாங்கு மீன் அங்க விலை ஜாஸ்தியான ஐட்டம், தயிர்சாதம் இல்ல, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நடுவுல சாக்லேட் பார் ஒண்ணு இல்ல, பல பார். வாழைப்பழம்னா ஒரு பழம் இல்ல, சீப்பு.

வேற என்னென்ன பழக்கம்?

டை பெல்ட்டத் தாண்டித் தொங்கும். காய வைக்கும்போது அடிக்கிற அடி பக்கத்து ரூமுக்குக் கேக்கும். உக்காந்த இடத்துலருந்து எழுந்து பேன்ட்ட மேல இழுத்து விட்டுக்குவாரு, தொண்டைய செருமுவாரு, எதிராளி எழுந்து போனா அவரு பக்கம் போய் நின்னு போர்ட அங்கருந்து பாப்பாரு. இந்தக் கடைசிப் பழக்கத்துக்கு "ஹிஃபுமின் கண்"ணுன்னே பேரு வந்துடுச்சு, இப்போ நெட்ல ஷோகி ஒளிபரப்புல போர்ட தலைகீழா திருப்பிக் காட்டுறதுக்கும் அந்தப் பேருதான். ஒரு தடவ மேட்ச் நடந்த சத்திரத்துல தோட்டத்துல செயற்கை அருவி ஓடிட்டு இருந்திருக்கு, சத்தம் தொந்தரவா இருக்குன்னு அருவிய நிறுத்தச் சொல்லிட்டாரு. நிறுத்தினாங்க.

எதிர்ல உக்காந்து ஆடுறவங்களுக்கு இதெல்லாம் எவ்ளோ கடுப்பா இருந்திருக்கும்னு நினைச்சா சிரிப்பா வரும், நமக்கென்ன, நாம பாக்குறவங்கதானே.

கிறிஸ்தவராமே?

ஆமா, கத்தோலிக்கர். 1970 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஞானஸ்நானம் வாங்கினாரு. முப்பது வயசு, ஒரு பட்டம் வந்து போயிடுச்சு, நகஹாரா ஏறி வர்ற நேரம், ஷோகியில ஒரு முட்டுச்சந்துல நிக்கிற மாதிரி இருந்த காலம் அது. 1986-ல போப் ரெண்டாம் ஜான் பால் இவருக்கு புனித சில்வெஸ்டர் பேருல இருக்குற நைட் பட்டம் குடுத்தாரு. ஆட்டத்து நடுவுல பிரேக்ல பாட்டு பாடிட்டு வருவாரு, சினிமாப் பாட்டு இல்ல, தேவாலயப் பாட்டு.

1180 தோல்வி. இது அவமானம் இல்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கமே எழுதினேன்னு கூட சொல்லலாம்.

கணக்கு பாருங்க. 1180 தோக்கணும்னா முதல்ல 2505 ஆட்டம் கிடைக்கணும். ஷோகியில பெரும்பாலும் நாக்அவுட், தோத்தா வெளிய. அப்போ ஆட்டம் நிறைய வேணும்னா நிறைய ஜெயிச்சிருக்கணும். அப்புறம் அந்த இடத்துல அறுபது வருஷத்துக்கு மேல நிக்கணும். சாதாரண ப்ரோ ஒருத்தரு 1180 தோல்விய எட்டுறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவாரு. 2007-ல இவரு 1000-ஆவது தோல்விய தொட்டப்போ அந்த நம்பர அதுக்கு முன்னாடி யாருமே பாத்ததில்ல. அதே சமயம் ரிட்டயர் ஆகும்போது ஜெயிச்ச கணக்குல ஓயாமா, ஹாபு ரெண்டு பேருக்கு அடுத்து மூணாவது இடம்.

இன்னொரு விஷயம். ஷோகியில தோல்வின்னா ராஜா மாட்டுற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. இனி முடியாதுன்னு தெரிஞ்சா தலை குனிஞ்சு "மக்கெமாஷிதா", அதாவது "தோத்துட்டேன்"னு வாய் விட்டு சொல்லணும், எதிராளி முகத்துக்கு நேரா. நாம ஆபீஸ்ல ஒரு தடவ "என் தப்புதான்"னு சொல்றதுக்கே எவ்ளோ இழுப்போம். இந்த மனுஷன் ஓயாமாகிட்ட சொல்லியிருக்காரு, நகஹாராகிட்ட சொல்லியிருக்காரு, பேரன் வயசுப் பசங்ககிட்ட சொல்லியிருக்காரு, அடுத்த வாரம் மறுபடி டை கட்டிட்டு வந்து வெள்ளிய ஏத்தியிருக்காரு.

77 வயசுல அவரா விலகினாரா, இல்ல அனுப்பிட்டாங்களா?

ரூல் அனுப்பிடுச்சு. ஜுனிசென்ல கடைசிப் படியான சி2-ல, சீசன் கடைசியில கீழ இருக்குறவங்களுக்கு ஒரு கருப்புப் புள்ளி மாதிரி பாயிண்ட் விழும். மூணு சேந்தா அந்த ஏணியில இருந்தே இறக்கிடுவாங்க. இளவயசுக்காரங்களுக்கு வெளிய இருந்து மறுபடி ஏறி வர ஒரு வழி உண்டு. 60 தாண்டியிருந்தா அந்த வழியும் கிடையாது, மிச்சம் இருக்குற டோர்னமென்ட்ல எல்லாம் தோத்து வெளிய வந்த அன்னிக்கு ரிட்டயர்மென்ட்.

2017 ஜனவரியில அவருக்கு மூணாவது பாயிண்ட் உறுதியாச்சு. ஆளு தளர்ந்துபோயிருப்பாருன்னுதானே நினைப்பீங்க? அதே மாசம் ஒரு 7 டான் ப்ரோவ ஜெயிச்சாரு, 77 வயசு 0 மாசம், அஃபீஷியல் ஆட்டத்துல ஜெயிச்சவங்கள்ல அதுதான் அதிக வயசு.

சி2 ஆட்டம்னா ஆளுக்கு 6 மணி நேரம், காலையில 10 மணிக்கு உக்காந்தா நடு ராத்திரி தாண்டும். 77 வயசுல, தரையில. எனக்கு ஒரு மணி நேரம் சம்மணம் போட்டாலே கால் மரத்துடுது.

ஃபுஜீ சோட்டாவோட ஆடினாராமே?

ஃபுஜீயோட முதல் ப்ரோ ஆட்டமே இவரு கூடத்தான். 2016 டிசம்பர் 24. ஒரு பக்கம் 14 வயசு, இன்னொரு பக்கம் 76. வயசு வித்தியாசம் 62 வருஷம் 6 மாசம், ப்ரோ ஆட்டத்துல அவ்ளோ வித்தியாசம் அதுக்கு முன்னாடி இருந்ததில்ல. இளையவயசு ப்ரோ ரெக்கார்டு யாருகிட்ட இருந்துச்சோ அவரையே எதிர்ல உக்கார வச்சுட்டாங்க. 110 மூவ்ல ஃபுஜீ ஜெயிச்சாரு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்: கட்டோ சின்ன வயசுல ஆடினவங்கள்ல 19-ஆம் நூற்றாண்டுல பொறந்தவங்க இருந்தாங்க. ஃபுஜீ பொறந்தது 2002. ஆக 19, 20, 21 மூணு நூற்றாண்டுல பொறந்தவங்களோடவும் அஃபீஷியல் ஆட்டம் ஆடின ஒரே ஆளு இவரு.

அந்த ஆட்டத்துலருந்து ஃபுஜீ தொடர்ந்து 29 ஜெயிச்சு புது ரெக்கார்டு வச்சாரு. 28-ஆவது வெற்றி 2017 ஜூன் 21. கட்டோவோட கடைசி ஆட்டம் அதுக்கு முந்தின நாள், ஜூன் 20.

அந்தக் கடைசி நாள் எப்படி இருந்துச்சு?

எதிராளி தகானோ சத்தோஷி, 4 டான், 20-கள்ல இருக்குற பையன். 98 மூவ்ல கட்டோ தோத்தாரு. "தோத்துட்டேன்"னு சொன்னாரு. வழக்கமா ஆட்டம் முடிஞ்சா ரெண்டு பேரும் உக்காந்து எங்க தப்பாச்சுன்னு மறுபடி ஆடிப் பாப்பாங்க, அது மரியாதை. அன்னிக்கு அதுவும் இல்ல. கேமரா, நிருபருங்க கூட்டமா காத்திருக்க, எழுந்து நேரா வெளிய போய் டாக்சி ஏறி வீட்டுக்குப் போயிட்டாரு. பேட்டி பத்து நாள் கழிச்சு, ஜூன் 30-தான். முதல்ல வீட்டு ஆளுங்ககிட்ட போய் நன்றி சொல்லணும்னு தோணுச்சாம்.

ரிட்டயர் ஆன பிறகு?

ரெஸ்ட் எடுத்தாருன்னு நினைச்சீங்கன்னா தப்பு. டிவி ஷோ, விளம்பரம், ட்விட்டர், கல்லூரியில வருகைப் பேராசிரியர்னு ஓடிட்டே இருந்தாரு. ஷோகி விதி ஒண்ணு கூட தெரியாத ஸ்கூல் பொண்ணுங்க எல்லாம் ஹிஃபுமின் ஹிஃபுமின்னு சுத்தினாங்க. அவரு போகின் ஆடுவாருங்கிறது அதுல பாதிப் பேருக்குத் தெரியாது. 2022-ல அரசாங்கம் "கலாச்சாரத்துக்குத் தொண்டாற்றியவர்" கெளரவத்தையும் குடுத்துச்சு.

அவரு ஆட்டம் பாக்கணும்னா எதுலருந்து ஆரம்பிக்க?

1982 கடைசி ஆட்டம்னு உடனே சொல்லிடுவேன், ஆனா புதுசா வர்றவங்களுக்கு அது நீளம். அதனால முதல்ல அவரு தோத்த ஒரு ஆட்டத்தப் பாருங்க: 1988 சீசன் என்எச்கே கோப்பை, எதிர்ல 18 வயசு ஹாபு. ஹாபு கையில இருந்த வெள்ளிய 5-2 கட்டத்துல வைக்கிறாரு, சும்மா எடுத்துக்கலாம்ங்கிற மாதிரி இருக்கும், எத வச்சு எடுத்தாலும் ராஜா காலி. கமென்ட்ரில இருந்த யொனெநாகா குனியோ ஆடிப்போயி கத்திடுவாரு. ஷோகியோட ரொம்பப் பிரபலமான மூவ்ல ஒண்ணு அது. அந்த டோர்னமென்ட்ல ஹாபு ஓயாமா, கட்டோ, தனிகாவா, நகஹாரா நாலு மெய்ஜினையும் வரிசையா சாய்ச்சாரு. கட்டோ முகத்தப் பாருங்க அந்த மூவுக்கு அப்புறம்.

அதப் பாத்துட்டு 1982-க்கு வாங்க. முதல் நாள் மெதுவாத்தான் போகும், டீ போட்டுக்கோங்க. கடைசியில அவரு ராஜா எந்த நிலைமையில இருக்குன்னு பாத்துட்டு, 3-1-ல வெள்ளி விழறதுக்கு முன்னாடி நிறுத்தி, நீங்களா கண்டுபுடிக்க முடியுதான்னு பாருங்க. ஒரு நிமிஷம்தான் டைம்.